அறுபதாம் பாட்டுக்குப் பெட்ரோல்

என் கொழுந்தனார் இஸ்பிராண்ட் ஃப்ரோஸ் எங்கள் ரோசென்தால் ஊருக்குப் பால் வண்டி ஓட்டுகிறவர். காலையில் ஒவ்வொரு வாசலிலும் எடுத்து வைத்திருக்கும் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு, அடுத்த ஊரான புளூமனோர்ட் வழியாகச் சீஸ் ஆலைக்குப் போவார். திரும்பும்போது கழுவின கேன்களையும், இன்னார் வீட்டுப் பசு கன்று போட்டது, இன்னார் வீட்டுக்கு விருந்தாளி வந்தது என்ற சேதிகளையும் இறக்கிவிட்டுப் போவார். மெக்சிகோவின் சிவாவா மலைக்காற்றில் முகமெல்லாம் சிவந்து, தொப்பிக்குக் கீழே நெற்றி மட்டும் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை.

அவருடைய லாரி எல்லைக்கு வடக்கே யாரோ ஓட்டிக் களைத்து விற்றது. அதில் கிலோமீட்டர் காட்டும் பெட்டி வாங்கும்போதே செத்திருந்தது. பெட்ரோல் காட்டும் முள் சாகவில்லை, ஆனால் அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை. தொட்டி நிறைந்திருந்தாலும் சரி, வற்றிப்போயிருந்தாலும் சரி, அது நிறைவுக் கோட்டையும் தாண்டி வலது ஓரத்தில் சாய்ந்துகொண்டு நிற்கும். வேதாகமத்தில் ஒரு விதவையின் எண்ணெய்க் கலசம் குறையவே குறையாது அல்லவா, அதை வைத்து ஊரார் இந்த லாரிக்குக் கலசம் என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்தக் கலசத்தில் எண்ணெய் இருந்தது. இதில் பல நாள் இருக்காது. வெயிலில் பாலோடு நடுச்சாலையில் நிற்கும்.

இஸ்பிராண்ட் முதலில் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரர் டீட்ரிச் புகுந்தார். அண்ணன் என்றால் எல்லாம் தெரியும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

"மீட்டர் போயிருச்சுடா. மாத்து" என்றார்.

பட்டணத்தில் உடைந்த வண்டிகள் குவிந்து கிடக்கும் இடத்தில் தேடி ஒரு மீட்டர் வாங்கி வந்து மாட்டினார்கள். அந்த முள்ளும் போய் அதே மூலையில் சாய்ந்துகொண்டது. டீட்ரிச் வண்டிக்கு அடியில் ஊர்ந்துபோய், தொட்டியிலிருந்து மீட்டருக்கு வரும் கம்பியைக் கழற்றி, அதன் நுனியை வண்டியின் சட்டத்தில் தொட வைத்தார். முள் தொபுக்கென்று அடிக்கு இறங்கியது. எடுத்தால் மேலே ஏறியது.

"பாத்தியா. மீட்டர் உசுரோட இருக்கு, கம்பியும் உசுரோட இருக்கு. கோளாறு தொட்டிக்குள்ள. மிதவைதான்."

தொட்டியை என் முற்றத்திலேயே இறக்கினார்கள். அன்றைக்குச் சுட்ட ரொட்டியில் எல்லாம் பெட்ரோல் வாசனை. புது மிதவை போட்டு, தொட்டியைத் திரும்ப ஏற்றி, கழுத்து வரை பெட்ரோல் ஊற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால், முள் நிறைவைக் காட்டியது. இரண்டு பேரும் தொப்பியைக் கழற்றி ஆண்டவருக்கு நன்றி சொன்னார்கள். நானும் கண்ணை மூடினேன். நிறைந்த தொட்டியை நிறைந்தது என்று காட்டுவதில் என்ன அதிசயம் என்று எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை. அந்த வாரக் கடைசியில் முள் நிறைவிலேயே நிற்க, வண்டி ஆலை வாசலில் பொட்டென்று நின்றது.

"விடுண்ணே. ஆண்டவர் இத இப்படியே வெச்சுக்கச் சொல்றாரு போல" என்றார் இஸ்பிராண்ட்.

அதன்பிறகுதான் பாட்டுக் கணக்கு வந்தது. வண்டியைக் கிளப்பினால் கோயில் பாட்டுப் புத்தகத்தின் முதல் பாட்டை எடுப்பார். அது முடிந்தால் இரண்டாவது. அன்றைக்கு எந்தப் பாட்டில் வண்டியை நிறுத்தினாரோ, மறுநாள் அதற்கு அடுத்ததிலிருந்து. ஒரு தொட்டி பெட்ரோல் அறுபது பாட்டு வரும் என்று கண்டுபிடித்தார். அறுபதாவது பாட்டு முடிந்ததும் ஆலையிலிருக்கும் பம்பில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, மறுபடி முதல் பாட்டு. அவர் மனைவி மரியா ஆண்டவரிடம் போன பிறகு கோயிலில்கூட அவர் வாய் திறந்து பாடவில்லை. கெட்டுப்போன ஒரு முள் அவருக்குப் பாட்டைத் திருப்பிக் கொடுத்தது. அதனால் அந்த முள்மேல் எனக்கு உள்ளுக்குள் ஒரு பிரியம் உண்டு.

ஊருக்கும் இது பழகிவிட்டது. வாசலில் கேனைத் தூக்கிக் கொடுத்தபடியே பெண்கள் கேட்பார்கள்.

"ஐம்பத்தொம்பது பாடுறீங்க போல. இன்னைக்கு ஆலை வரைக்கும் போய்ச் சேருமா?"

"மெதுவா சொல்லுங்கம்மா, வண்டிக்குக் கேட்டுறப் போகுது."

புளூமனோர்ட்டில் கடைசி வாசல் பீட்டர் நாய்டோர்ஃப் மாமாவுடையது. அந்த ஊர்க் கோயிலில் பாட்டெடுத்துக் கொடுப்பவர் அவர். மகள் நேத்தா கல்யாணம் ஆகாமல் நாற்பதைத் தாண்டி, அப்பாவையும் மாடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாசலில் பால் கேன் ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று கொஞ்ச நாளாகவே ஊரில் பேச்சு. ஒரு நாள் இஸ்பிராண்ட் என் சமையலறைக்கு வந்து, தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார்.

"அண்ணி, நேத்தாகிட்ட கேட்டுட்டேன்."

"என்ன சொன்னா?"

"முள்ளு உண்மை சொல்லட்டும், அப்புறம் நான் சொல்றேன்னுட்டா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். நேத்தா சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் சனத்தில் நிச்சயம் ஆன நாளிலிருந்து கல்யாணம் வரைக்கும் ஒரு வாரம், பெண்ணும் மாப்பிள்ளையும் இரண்டு பக்கத்து உறவுக்காரர் வீடுகளுக்கும் போயாக வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனாலும் அந்தக் குறை சாகும்வரை தீராது. நேத்தாவுக்கு அத்தைமார் மட்டும் ஊருக்கு ஒருவராக இருந்தார்கள்.

"நடு ரோட்டுல நிக்கிற வண்டிய நம்பி எத்தன அத்தைக்கு நான் பதில் சொல்றதுங்கிறா அண்ணி. அவங்கப்பாவும் அதையேதான் சொல்றாராம். சத்தியம் பண்ணாத சனங்க நாம, இருக்குன்னா இருக்குன்னும் இல்லன்னா இல்லன்னும் சொல்றவங்க, பொய் சொல்ற முள்ள முன்னாடி வெச்சுக்கிட்டு ஊர் சுத்துறதான்னு."

"உங்க பாட்டுக் கணக்க சொன்னீங்களா?"

"சொன்னேன். அப்படின்னா ஞாயித்துக்கிழமை எங்களப் பெரியத்தை வீட்டுக் காப்பிக்குக் கூட்டிட்டுப் போங்க, அப்பாவும் பாக்கட்டும்னா." தொப்பி இன்னொரு சுற்றுச் சுற்றியது. "நீங்களும் அண்ணனும் கூட வாங்க."

ஞாயிறு மத்தியானம் கிளம்பினோம். முன்னால் இஸ்பிராண்ட், அந்தப் பக்கம் நேத்தா, நடுவில் பீட்டர் மாமா. பின்னால் பலகையில் நானும் டீட்ரிச்சும். என் மடியில் ஒரு துணிமூட்டை நிறைய, எண்ணெயில் பொரித்தெடுத்த மாவுப் பலகாரமான ரோல்கூக்கன். தர்பூசணிக் காலத்தில் அது இல்லாமல் எந்த வீட்டுக்கும் நாங்கள் போவதில்லை.

"நாப்பத்தெட்டு முடிஞ்சிருக்கு மாமா. இன்னும் பன்னெண்டு பாட்டுக்குப் பெட்ரோல் இருக்கு. அத்தை ஊருக்கு எட்டே போதும். திரும்பி வர பின்னாடி கேன்ல வெச்சிருக்கேன்" என்றார் இஸ்பிராண்ட். சனிக்கிழமையே போட்டிருக்கலாம். அறுபதுக்கு முன்னால் போட்டால் தன் கணக்கைத் தானே நம்பாதது மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டார்.

நாற்பத்தொன்பதாவது பாட்டை எடுத்தார். எங்கள் ஊரில் குட்டை ராகம். ஒரு வரி ஒரு மூச்சில் முடிந்துவிடும். முதல் வரி முடியவில்லை, பீட்டர் மாமா கையைத் தூக்கினார்.

"ஏம்ப்பா, யாராச்சும் துரத்துறாங்களா?"

"இல்ல மாமா."

"அப்புறம் ஏன் ஆண்டவரோட பாட்ட இப்படி ஓட்டுற?"

அவர் தொண்டையைச் செருமிவிட்டு, தங்கள் ஊர் நீட்டு ராகத்தில் தொடங்கினார். எங்கள் முன்னோர் கப்பலேறி வந்தபோது கூடவே வந்த ராகம் அது. ஒரு சொல்லில் ஏறி, வளைந்து, இறங்கி வருவதற்குள் கொடியில் போட்ட துணி காய்ந்துவிடும். பாட்டெடுக்கும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது தன் வேகத்தில் பாடுகிறவன் எங்களில் இல்லை. இஸ்பிராண்ட் அடங்கி அவரோடு சேர்ந்தார். நேத்தாவும் சேர்ந்தாள். பின் கண்ணாடி திறந்திருந்ததால் நாங்களும் சேர்ந்தோம். மழைக்குப் பின் பச்சையாக நின்ற சோளக்கொல்லைகளுக்கு நடுவே, ஐந்து குரலில் அந்தப் பாட்டு போனது. மனம் நிறைந்துதான் இருந்தது. நாற்பத்தொன்பது முடிவதற்குள் இரண்டு ஊர் கடந்துவிட்டது. ஐம்பதில் ஒரு ஓடையும் ஒரு நீண்ட மேடும் போயின.

டீட்ரிச் என் காதருகே குனிந்தார். "சூசன், இவன் பாட்டத்தானே எண்ணுறான்?"

"ஆமா."

"நேரத்த எண்ணல."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கண்ணாடியைத் தட்டலாம் என்று அவர் கையை எடுத்தார். பாட்டின் நடுவில் பெரியவரை எப்படி நிறுத்துவது என்று கையை இறக்கிக்கொண்டார். ஐம்பத்திரண்டாவது பாட்டின் மூன்றாம் சரணத்தில் வண்டி இரண்டு தடவை இருமியது. பிறகு நின்றது. சரணத்தை மட்டும் பீட்டர் மாமா முடித்தார்.

முள் வழக்கம்போல நிறைவுக்கும் மேலே சாய்ந்திருந்தது.

இஸ்பிராண்ட் இறங்கிவந்து பின்னாலிருந்த பெட்ரோல் கேனைத் தூக்கினார். கேன் அவர் கையில் ஒரு கோழி இறகைப் போல எழும்பியது. டீட்ரிச் வானத்தைப் பார்த்தார்.

"அண்ணே."

"போன வாரம் தண்ணி இறைக்கிற எஞ்சினுக்கு எடுத்தேன்... திரும்ப ஊத்தணும்னுதான் நெனச்சேன்டா."

"நெனச்சது எத்தன லிட்டர்ணே?"

"சரி சரி. அதோ தெரியுது பாரு எவரிஸ்டோவோட பண்ணை. நான் போய் வாங்கிட்டு வரேன்" என்று கேனைப் பிடுங்கிக்கொண்டு டீட்ரிச் நடந்தார். எவரிஸ்டோ எங்களிடம் கன்றுகள் வாங்கும் மெக்சிகோக்காரர், இல்லை என்று சொல்லமாட்டார்.

பீட்டர் மாமா வண்டியிலிருந்து மெதுவாக இறங்கி, சக்கரத்தின் நிழலில் நின்றார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இஸ்பிராண்டு, நீ நல்லவன். உன்மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா இந்த வண்டியில என் பொண்ண ஒரு வாரம் அனுப்பச் சொல்லாத. என் அக்கா இப்ப காப்பிய வெச்சுக்கிட்டு வாசலப் பாத்துக்கிட்டிருப்பா. இதே மாதிரி எத்தன வாசல்?"

இஸ்பிராண்ட் தலையாட்டினார். அவர் நெற்றியின் வெள்ளைகூடச் சிவந்துபோனது. நான் மூட்டையை அவிழ்த்து ரோல்கூக்கனை நீட்டினேன். அந்த நேரத்தில் வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் எடுக்கவில்லை, நேத்தாவைத் தவிர. அவள் ஒன்றைக் கடித்துக்கொண்டே முள்ளைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இதுக்கு என்னென்ன பண்ணீங்க?"

அவர் சொன்னார். மீட்டரை மாற்றியது, கம்பியைச் சட்டத்தில் தொட்டபோது முள் இறங்கியது, மிதவை மாற்றியது எல்லாம்.

"சட்டத்துல தொட்டா இறங்குச்சா?"

"இறங்குச்சு. தொட்டியில மாட்டினா ஏறிக்கும்."

"அப்போ தொட்டிக்கு எர்த் எங்க?"

"என்னது?"

"எங்க மாட்டு வேலியில கரண்ட் மாட்டக் கடிக்கலன்னா, நான் வேலிக் கம்பியப் பாக்க மாட்டேன். மண்ணுல அடிச்சிருக்கிற எர்த் கம்பியத்தான் போய்ப் பாப்பேன். காஞ்ச காலத்துல அதுலதான் கோளாறு வரும். ஒரு வாளி தண்ணி ஊத்தினா மாடு தாவி ஓடும்." அவள் கையிலிருந்த மாவைத் தட்டினாள். "தொட்டி எது மேல உக்காந்திருக்கு?"

"ரப்பர் பட்டை மேல. ரப்பர்ல கரண்ட் போகாதே" என்றார் இஸ்பிராண்ட். சொல்லும்போதே அவர் குரல் மாறியது. அடுத்த நொடி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு, வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். நான் அந்தச் சட்டையை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டேன்.

அடியிலிருந்து குரல் வந்தது. "ஒரு கறுப்புக் கம்பி இருக்கு. தொட்டியிலேர்ந்து சட்டத்துக்கு வருது. போல்ட்டு இருக்கிற எடமே தெரியல. வெள்ளையா, சீஸ் மாதிரி ஏதோ மூடியிருக்கு."

"சீஸ்தான்" என்றேன் நான். அந்தப் போல்ட்டுக்கு நேர் மேலேதான் பால் கேன்கள் நிற்கும். தினமும் சிந்தும் பால் பலகை இடுக்கில் வடிந்து, புளித்து, இத்தனை வருஷமாக அந்த இரும்பைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. இரண்டு சகோதரர்களும் மீட்டரில் தேடினார்கள், தொட்டிக்குள் தேடினார்கள். பால்காரன் வண்டியில் பாலைத் தேட யாருக்குத் தோன்றும்?

"சுரண்டிடட்டுமா?"

"மொதல்ல பாத்துருங்க. தொட்டியையும் சட்டத்தையும் சேத்து சும்மா ஒரு கம்பிய வெச்சுத் தொடுங்க" என்றாள் நேத்தா. பின்கதவைக் கட்டியிருந்த வேலிக் கம்பித் துண்டை அவிழ்த்து அவர் கையில் கொடுத்துவிட்டு, தானே ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். பீட்டர் மாமா சன்னல் வழியாகத் தலையை நீட்டினார். நானும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

அடியில் கம்பி உரசும் சத்தம் கேட்டது.

"என்ன காட்டுது?"

"அப்படியேதான் நிக்குது."

மறுபடி உரசல். ஒரு முனகல்.

"இப்போ?"

முள் ஒரு தரம் நடுங்கியது. பிறகு, தூக்கத்திலிருந்து எழுந்தவன் காலைக் கீழே வைப்பது போல, வலது மூலையைவிட்டு மெல்ல நகர்ந்தது. நடுவைத் தாண்டியது. போய், போய், இடது கோடியில், ஒன்றுமில்லை என்ற கோட்டில் உட்கார்ந்துகொண்டது.

"நேத்தா? என்ன காட்டுது?"

"ஒண்ணும் இல்லீங்க" என்றாள் அவள்.

"ஒண்ணும் நடக்கலியா?"

"இல்லன்னு காட்டுது. தொட்டியில ஒண்ணும் இல்லன்னு காட்டுது."

வண்டிக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. என் கொழுந்தனார் அப்படிச் சிரித்து நான் பல வருஷம் கேட்டிருக்கவில்லை. தன் தொட்டி காலி என்று கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரு மனிதனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நேத்தாவுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. அவள் குனிந்து முகத்தை ஸ்டியரிங் சக்கரத்தில் மறைத்துக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. பீட்டர் மாமா மட்டும் முள்ளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தன வருஷத்துல மொத தடவையா இல்லன்னு சொல்லியிருக்கு" என்றார். "இல்லன்னு சொல்லத் தெரிஞ்சது இனிமே இருக்குன்னு சொன்னா நம்பலாம்."

பிறகு என் பக்கம் திரும்பி, மூட்டையிலிருந்து ஒரு ரோல்கூக்கனை எடுத்துக்கொண்டார்.

இஸ்பிராண்ட் பேனாக்கத்தியால் அந்த இடத்தைப் பளபளக்கும்வரை சுரண்டி, கம்பி நுனியையும் சுரண்டி, போல்ட்டைத் திரும்ப இறுக்கினார். அவர் வெளியே வந்தபோது சட்டையின் முதுகு முழுக்க மண், தலைமுடியில் புளித்த பால். பீட்டர் மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பாட்ட அளவுகோலா வெச்சது சரியில்லப்பா."

"சரிங்க மாமா."

"தெனமும் பாடுவியா?"

"தெனமும் பாடுவேன் மாமா."

"புத்தகம் முழுக்கவா?"

"அறுபதுக்கு மேல போனதில்ல. அதுக்குள்ள தொட்டி காலியாயிரும்."

"ம்." அவர் கொஞ்ச நேரம் மென்றார். "அதுக்கப்புறந்தான் நல்ல பாட்டெல்லாம் இருக்கு."

அதற்குள் டீட்ரிச் வந்துவிட்டார். ஒரு கையில் கேன், இன்னொரு கக்கத்தில் எவரிஸ்டோ கொடுத்த பெரிய தர்பூசணி. நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. நாங்கள் எல்லோரும் சிரித்த முகமாய் நிற்பதைப் பார்த்துச் சந்தேகமாகக் கேட்டார்.

"என்ன, எனக்குப் பின்னாடி என்னைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தீங்களா?"

"நீங்க பெட்ரோல ஊத்துங்க அத்தான், அப்புறம் சொல்றோம்" என்றாள் நேத்தா. அவள் அவரை உறவு சொல்லி அத்தான் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. டீட்ரிச்சுக்கு அது உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. இஸ்பிராண்டுக்கும் உறைத்தது, கையிலிருந்த பேனாக்கத்தி கீழே விழுந்தது.

பெட்ரோல் உள்ளே போகப்போக முள் எழுந்தது, ஒன்றுமில்லை என்ற கோட்டுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. கேனில் இருந்தது எவ்வளவோ அவ்வளவு.

"முள்ளு சொல்லிருச்சு" என்றார் இஸ்பிராண்ட், தரையைப் பார்த்தபடி.

"பாத்தேன்" என்றாள் நேத்தா. "நானும் சொல்லணும்ல. வரேன். எல்லா அத்தை வீட்டுக்கும் வரேன்."

பீட்டர் மாமா தொப்பியைக் கழற்றினார். சாலை ஓரத்திலேயே எல்லோரும் தலை குனிந்து நின்றோம். போன தடவை நிறைந்த தொட்டிக்கு நன்றி சொல்லி ஏமாந்தவர்கள் நாங்கள். இந்தத் தடவை எதற்கு நன்றி சொல்கிறோம் என்று தெரிந்தே சொன்னோம். பிறகு தர்பூசணியை வண்டியின் விளிம்பில் மோதி உடைத்து, ரோல்கூக்கனோடு சாப்பிட்டோம். பெரியத்தை வீட்டுக் காப்பி ஆறிப்போய்த்தான் கிடைத்தது. சேதியைக் கேட்டதும் அவள் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டாள்.

அறுவடை முடிந்த கையோடு கல்யாணம். அந்த ஒரு வாரத்தில் கலசம் எந்த இடத்திலும் நிற்கவில்லை, எந்த அத்தைக்கும் குறை இல்லை. இப்போது நேத்தா பல நாள் பால் வண்டியில் கூடவே போகிறாள். இரண்டு பேரும் நீட்டு ராகத்தில் பாடுகிறார்கள். எங்கள் வாசலில் தொடங்கிய சொல் புளூமனோர்ட் வரும்போதுதான் முடிகிறது என்று பெண்கள் கேலி செய்கிறார்கள். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பாட்டைக் கேட்டுச் சொல்ல ஊரில் இப்போது யாராலும் முடியாது. வாரக் கடைசியில் இஸ்பிராண்ட் வண்டிக்கு அடியில் புகுந்து, அந்தப் போல்ட்டில் வடிந்த பாலைத் துணியால் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவுகிறார்.

நேற்று டீட்ரிச் வேலியருகே நின்று கேட்டார்.

"எத்தனையாவது பாட்டுடா?"

"அறுபத்தொண்ணுண்ணே" என்று இஸ்பிராண்ட் வண்டியை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனார்.